நூறு மெஷின்களில் ஓர் அண்ணன்

முன்னொரு காலத்தில், மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நாளில், மஞ்சாடிபுரம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே தெருவுக்குத் தெரு தையல் மெஷின். ராஜா காலத்தில் ஏது மெஷின் என்று கேட்காதீர்கள். மந்திரவாதி இருந்தான் என்றால் நம்பத்தானே போகிறீர்கள்? மெஷினையும் சேர்த்து நம்புங்கள்.

அந்த ஊரில் மரிக்கொழுந்து என்று ஒரு பெண். அப்பா அம்மா இல்லாதவளுக்கு எல்லாமே அண்ணன் வீரையன்தான். இரண்டு பேருக்கும் தையல் தொழில். அவன் தங்கமான மனுஷன், ஆனால் மெஷின் விஷயத்தில் மட்டும் துர்வாசர். ஒருமுறை மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று, மரிக்கொழுந்து ஒரு பச்சைச் சீசாவில் இருந்த, தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயை அதில் விட்டுவிட்டாள். அது காய்ந்து பிசினாகி, கல்யாணச் சட்டைகள் பாதியில் நிற்க, மெஷின் இறுகிப்போனது. அன்றிலிருந்து அந்தப் பச்சைச் சீசாவை அவள் கையில் பார்த்தாலே போதும், வீரையன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான்.

அதே ராஜ்யத்தில் கருஞ்சடையன் என்றொரு மந்திரவாதி. கழுத்தில் ஒரு தோல்பை, அதற்குள் மாயப்பொடி. பையின் வாயைத் தூக்கத்தில்கூட மூடமாட்டான். பொடி மூச்சு விட்டால்தான் அவன் மந்திரம் பலிக்கும். அவனுக்குச் சட்டை அளவெடுத்த வீரையன், "தொந்திக்கு ஒரு முழம் கூடுதலா வேணும் சாமி" என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். வந்ததே கோபம்! ஊரிலிருந்த தையற்காரர் நூறு பேரையும் பழைய மெஷின்களாக்கி, சந்தையில் வரிசையாக நிறுத்திவிட்டான். நூல் வாங்க வெளியூர் போயிருந்த மரிக்கொழுந்து மட்டும் தப்பினாள்.

அழுதாள், கண்ணைத் துடைத்தாள். மடியில் மண்ணெண்ணெய்த் துணியும், மெஷின் எண்ணெயும், அந்தப் பச்சைச் சீசாவும் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

"என் அண்ணனை எனக்குக் குடுத்துடுங்க சாமி."

"என் பையில ஓட்டை விழுந்து பொடி சிந்துது. தைக்க ஊருல ஒரு தையற்காரன் இல்லை" என்றான் கருஞ்சடையன். யாரால் இல்லை என்று நாம் கேட்டால் நம்மையும் மெஷினாக்கிவிடுவான், சும்மா இருப்போம். "உன் அண்ணன் எந்த மெஷின்னு கண்டுபிடி. அதை வச்சே இதைத் தைச்சுக் குடு, கூட்டிட்டுப் போ. ஆளை மாத்தி எடுத்தாலும், நூல் அறுந்தாலும், நீ நூத்தியொண்ணாவது மெஷின்!"

மரிக்கொழுந்து முதல் சுற்று சுற்றினாள், பார்த்தாள். நூறும் ஒரே கறுப்பு, ஒரே துரு.

இரண்டாம் சுற்று சுற்றினாள், "அண்ணே!" என்று கூப்பிட்டாள். நூறு சக்கரமும் கிறீச்சிட்டன. எல்லாரும் யாரோ ஒருத்திக்கு அண்ணன்தானே, பாவம்.

மூன்றாம் சுற்று சுற்றினாள். மடியிலிருந்து பச்சைச் சீசாவை எடுத்தாள். மூடியைக்கூடத் திறக்கவில்லை. தொண்ணூற்றொன்பது மெஷின்கள் பேசாமல் நின்றன. கடைசி வரிசையில் ஒரு மெஷின் மட்டும் மிதிபலகை படபடக்க, ஊசி துள்ள, "தடக் தடக் தடக்!" என்று குதித்தது.

"இதுதான் என் அண்ணன்" என்று அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கருஞ்சடையன் முகம் சுருங்கியது. "தை பார்ப்போம்!" என்று பையைக் கழற்றி எறிந்தான்.

அவள் அவசரப்படவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்தாள், துணியை நகர்த்தும் பல்லுக்குள் அடைந்த பஞ்சை எடுத்தாள், மூட்டுக்கு மூட்டு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். தடித்த தோலை மிதித்துத் தைத்தால் நூல் தாங்காது. ஆகவே சக்கரத்தைக் கையால் பிடித்து, தையல் தையலாகச் சுற்றினாள். நடுவில் நூல் முறுக்கேறி இழுத்தது. "பொறு அண்ணே, பொறு" என்று தடவிக்கொடுத்தாள். இழுப்பு தளர்ந்தது. ஓட்டை அடைபட்டது.

உடனே பையைத் திருப்பிப் போட்டு, மறுபடி சக்கரத்தைச் சுற்றினாள், இந்தத் தடவை வேகமாக.

"ஏய், என்ன செய்யுறே?"

"ஓரத்தையும் மடிச்சு அடிச்சிடறேன் சாமி. பிரியாம இருக்கும்."

"நல்லா அடி, நல்லா அடி" என்றான் அந்தப் புத்திசாலி. அவனுக்குத் தையல் தெரிந்தால்தானே? அவள் அடித்தது பையின் வாயை. கடைசித் தையல் விழுந்ததும் உள்ளே பொடி மூச்சு முட்டிச் செத்தது. கருஞ்சடையன் "ஆ!" என்று திறந்த வாயோடு சுருங்கி, சுருங்கி, ஒரு சட்டைப் பித்தானாகத் தரையில் உருண்டான்.

சந்தை முழுக்க மனிதக் குரல் கேட்டது. மெஷின் நின்ற இடத்தில் வீரையன் நின்றான், கையெல்லாம் எண்ணெய். மரிக்கொழுந்து ஓடிப்போய் அவன் தோளில் சாய்ந்து தேம்பினாள். அவன் கண்ணிலும் தண்ணீர். ஆனால் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்:

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அந்தச் சீசாவை என் பக்கத்துல கொண்டு வராதேன்னு!"

அந்தத் திட்டைக் கேட்டு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்குமுன் வந்ததில்லை.

ராஜா அவளை அரண்மனைத் தையற்காரியாக்கினார். ராஜாவுக்கும் நல்ல தொந்தி. கீழே உருண்ட அந்தப் பித்தானை எடுத்து, அவர் சட்டையில் தொந்திக்கு நேராக, ஏழு முறை நூல் ஓட்டித் தைத்துவிட்டாள். ராஜா விருந்து சாப்பிடும்போதெல்லாம் அது முனகுகிறதாம். முனகட்டும், நாம் போய்ச் சாப்பிடுவோம்.