காண்டாமிருகம் நின்ற சுவர்

காண்டாமிருக மார்க் சிமெண்ட் முதலாளி வைரவசுந்தரம் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. ஏன் நின்றோம் என்று யாருக்கும் தெரியாது. எதிரே அவருடைய காண்டாமிருகம் ரோஸ், பச்சை, ஊதா, மஞ்சள் என்று நாலு நிறத்தில் நாலு படமாகத் தொங்கியது.

"யார் இதைப் போட்டது?"

கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை பார்க்கும் பொன்னழகி முன்னால் வந்தாள். "நான்தாங்கய்யா."

"நாலாயிரம் சுவர்ல விளம்பரம் எழுதி நான் வளர்த்த முத்திரை இது. என்னைக் கேக்காம எடுத்திருக்க. நாலையும் இப்பவே கிழிச்சுப் போடு. இல்லேன்னா கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கய்யா. கொம்புக்குப் பக்கத்துல ஜன்னல் இருக்கு. கால்கிட்ட தண்ணிக் குழாய் இருக்கு. நான் வரைஞ்சது எங்க வீட்டு முன்சுவரை. உங்க மிருகம் அதுல நின்னுட்டிருந்துச்சு."

அவர் குனிந்து பார்த்தார்.

"வயித்துக்குக் கீழ மங்கலாத் தெரியுறது எங்கப்பா பேரு. அவர் செத்த வருஷம் எழுதி வச்சோம். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து பாத்தா, அதுமேல வெள்ளையடிச்சு இதை வரைஞ்சிருந்தாங்க. நாலு படத்தையும் நான் கிழிச்சிடறேன். கேக்காம எழுதின சுவரையெல்லாம் நீங்க அழிச்சு முடிக்கிற அன்னிக்கு."

வைரவசுந்தரம் கூட வந்திருந்த தன் மேனேஜர் பக்கம் திரும்பினார். "கேட்டுத்தானே எழுதுறோம்?"

மேனேஜர் படத்தில் மங்கலாக இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.