கொடி பிடித்த உடும்பு

ஒரு காட்டில், குரங்குகூட ஏற அஞ்சும் செங்குத்துப் பாறை ஒன்று இருந்தது. அதன் நடுவயிற்றில் மலைத்தேன் அடைகள் வரிசையாகத் தொங்கின. பாறையின் உச்சியோ மொட்டை. ஒரு கொடியைக் கட்டி இறங்கலாம் என்றால், கட்டுவதற்கு அங்கே ஒரு செடிகூடக் கிடையாது.

அதனால் தேன் எடுக்கும் கரடி ஓர் உடும்பை வேலைக்கு வைத்திருந்தது. உடும்பு பாறை வெடிப்பில் நகங்களைச் செருகி, காட்டுக்கொடியை இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையைப் பற்றிக்கொண்டு கரடி இறங்கும். கீழே பத்துப் பனை ஆழம். கரடியின் உயிர் உடும்பின் பிடியில். உடும்பின் சோறு கரடியின் கையில்.

காடு பூத்துக் குலுங்கிய வருடங்களில் உடும்பு சும்மா வேலை செய்ததே இல்லை. கொடி வழுக்குகிறது, புதிது வேண்டும் என்றது. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்றது. கீழே தொங்கிக்கொண்டு என்னை அதட்டாதீர்கள் அண்ணா என்றும் ஒரு நாள் சொல்லிவிட்டது. கரடி முணுமுணுத்தபடி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஆற்று மணலில் ஆமை முட்டை, புதருக்குப் புதர் கவுதாரி முட்டை. உடும்பு போகிறேன் என்று கிளம்பிவிட்டால் பிடித்து நிறுத்த முடியுமா?

எடுக்கும் அடையில் பாதி உடும்புக்கு என்று பேச்சு. பாதியும் வந்தது; கூடவே, "தம்பி, உன் பிடி யாருக்கு வரும்?" என்று ஒரு வார்த்தையும் வந்தது. உடும்புக்கு அந்த வார்த்தை அடையைவிட இனித்தது.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. ஆறு மணலாயிற்று, ஆமையும் இல்லை, கவுதாரியும் இல்லை. கீரி, மரநாய், முள்ளம்பன்றி என்று கரடியின் குகை வாசலில் கூட்டம் கூடியது. என்ன கொடுத்தாலும் சரி, ஒரு வேலை கொடுங்கள் என்று எல்லாம் கெஞ்சின.

கூட்டத்தைக் கண்டதும் கரடிக்குக் கொழுப்பு ஏறியது. பாதி அடை, கால் அடை ஆனது. கால் அடை, தேன் வழித்த வெறும் மெழுகு ஆனது. கொடி நைந்தது, கரடி மாற்றவில்லை. உச்சி வெயிலில் உடும்பின் வயிறு பாறையோடு பாறையாக வெந்தது. 'தம்பி' போய் 'ஏய்' வந்தது. 'அண்ணா' போய் 'ஐயா' வந்தது.

வாய் திறந்து கேட்டால்தான் என்ன என்றது அதன் துணையான பெண் உடும்பு. கேட்டால் நாளைக்கே இந்தக் கொடி கீரியின் இடுப்பில் இருக்கும் என்றது உடும்பு. வளைக்குள் நான்கு குஞ்சுகள் மெழுகைச் சப்பிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் கொடியில் இறங்கும்போது கரடி கேட்டது: "ஏய், வேலை பிடித்திருக்கிறதா?"

உடும்பு கொடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. "பிடித்திருக்கிறேன், ஐயா."

கரடி அதைத் தன் காதுக்கு ஏற்றபடி கேட்டுக்கொண்டது. மாலையில், வேலை கேட்டு நின்ற முள்ளம்பன்றியிடம் பெருமை அடித்தது. "பாதி கொடுத்த காலத்தில் ஆயிரம் குறை சொன்னான். இப்போது மெழுகு கொடுக்கிறேன், பிடித்திருக்கிறது என்கிறான். பங்கைக் குறைத்தால்தான் மனம் நிறைகிறது. இது தெரியாமல் இத்தனை நாள் ஏமாந்து போனேனே."

ஆமாம் ஐயா, ஆமாம் என்றது முள்ளம்பன்றி. அதற்கும் பசி.

மூன்றாம் வருடம், கரடி பாறையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மேற்கே கறுத்தது. காற்று திரும்பியது. முதல் துளி உடும்பின் முதுகில் விழுந்து சுரீர் என்றது. அடுத்த நொடி கொட்டத் தொடங்கிவிட்டது.

சற்றைக்கெல்லாம் மண்ணிலிருந்து புகை எழும்பியதுபோல் ஈசல் கிளம்பியது. காடெங்கும் ஈசல். ஒன்று உடும்பின் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது. உடும்பு நாக்கை நீட்டியது. இரண்டு வருடத்தில் அதன் வாயில் விழுந்த முதல் நல்ல உணவு அது. ஈரப் பாறையில் நகங்கள் வழுக்கின. கொடி ஒரு சாண் நழுவியது.

"ஏய், என்ன செய்கிறாய் அங்கே?" என்று கீழிருந்து அதட்டல் வந்தது.

உடும்பு கீழே குனிந்து பார்த்தது. அப்படியே பிடியைத் தளர்த்தினால் போதும், எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தது. கொடி இன்னொரு சாண் நழுவியது.

கீழே குரல் மாறியது. "தம்பி... தம்பி, பிடித்திருக்கிறாயா?"

"பிடித்திருக்கிறேன்," என்றது உடும்பு. "ஆனால் பிடிக்கவில்லை."

கரடிக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி அடை தருகிறேன் என்றது. கொடி நறநறவென்றது. முழு அடையும் உனக்கே என்றது.

"தேனைக் கீழே போட்டுவிட்டு ஏறுங்கள். நைந்த கொடி, கனம் தாங்காது."

தேன் பள்ளத்தில் விழுந்தது. கரடி ஏறியது. கொடியின் நார்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. உடும்பின் ஒரு நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தது. ஏற்றுக்கொண்ட பிடியை நடுவில் விடுவது தன் குலத்துக்கே இழுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது அது. கரடியின் கை உச்சியைத் தொட்டது.

உடும்பு இடுப்பிலிருந்து கொடியை அவிழ்த்துக் கரடியின் காலடியில் வைத்தது.

"நாளை முதல் பாதி. சத்தியம்," என்றது கரடி, மூச்சு வாங்க.

"இது மழை பேசுகிற பேச்சு," என்றது உடும்பு. "மழை நின்றால் நீங்களும் நின்றுவிடுவீர்கள். வேறு ஆளைப் பாருங்கள்."

குஞ்சுகள் ஈசலுக்குத் தாவிக்கொண்டிருந்த பக்கமாக அது இறங்கிப் போய்விட்டது.

காடு மறுபடி பூத்தது. அடைகள் பானை பானையாகப் பருத்தன. கரடி புதுக்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வளை வளையாக அலைந்தது. முழு அடை தருகிறேன் என்றுகூடக் கேட்டுப் பார்த்தது. எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது, ஒருவரும் வரவில்லை. கடைசியில் பாறை அடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மேலே தேன் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. காற்று அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அடித்துக்கொண்டு போனது.

நீதி: பஞ்சத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கெல்லாம் அந்த வேலை பிடித்திருக்கிறது என்று எண்ணாதே.