தாமதமா ஊதின சங்கு

மேகம் மேல இருக்காம தெருவுல நடமாடுற நாடு ஒண்ணு இருந்துச்சு. முகில்நாடுன்னு பேரு. காலையில கதவத் தொறந்தா வாசல்ல பாதி வானம் படுத்துக் கெடக்கும். கழுத்துல மணி கட்டலேன்னா சொந்த மாட்டையே கண்டுபிடிக்க முடியாது. அரண்மனைக்கு ரொம்பத் தூரத்துல இருந்த பெரிய ஏரியில படகு ஓட்டிப் பொழச்சவன் சேந்தன். அவன் துடுப்பு போட்டா, பஞ்சுக்குள்ள போறோமா தண்ணியில போறோமான்னு ஏறினவங்களுக்கே சந்தேகம் வந்துடும்.

அவன் வெறும் படகுக்காரன் இல்ல. கூப்பிடு படையில ஒரு தலைவன். முரசு கொட்டினா வாளோட வரணும், மத்த நாள்ல தன் பொழப்பப் பாத்துக்கணும், அதான் கூப்பிடு படை. சண்டைன்னா "வாப்பா சிங்கமே!" சண்டை முடிஞ்சா "யாருப்பா நீ?"

அந்த நாட்டுல பதவி உயர்வுக்கு ஒரு முறை உண்டு. ராணி உத்தரவு போட்டா மட்டும் பத்தாது. சேனாதிபதியோட சங்கூதி நேர்ல வந்து, அந்த ஆளு முன்னாடி சங்கு ஊதணும். ஊதின நாள்லேர்ந்துதான் பதவி, ஒரே பதவியில முந்தி வந்தவன்தான் மூத்தவன். அரண்மனையிலயே குடியிருக்குற படைக்காரனுக்கு மறுநாளே ஊதிடுவாங்க. வெளியூர்க்காரனுக்கு? சங்கூதிக்கு மச்சினிச்சி கல்யாணம் வரும், அப்புறம் கால்வலி வரும், அப்புறம் மழை வரும். சங்கு மட்டும் வராது.

சித்திரையில ராணி சேந்தனைப் பெருந்தலைவனாக்கி உத்தரவு போட்டாங்க. சங்கு வரல. அப்படி ஒரு உத்தரவு இருக்குறதே சேந்தனுக்குத் தெரியாது. வைகாசியில ஆதன்ங்குற அரண்மனைப் படைக்காரனையும் பெருந்தலைவனாக்கினாங்க. அவனுக்கு உடனே ஊதியாச்சு.

ஆடியில எதிரி வந்து ஏரிக்கரைக்குக் கீழ கூடாரம் போட்டான். சேந்தனும் ஆதனும் வீரர்களோட கரை மேல நின்னாங்க. விடிஞ்சும் விடியாத நேரம். பால் பொங்கி வழிஞ்ச மாதிரி மேகம் எல்லாத்தையும் மூடியிருந்துச்சு. கீழ்த்தெருக் கூரைங்க மட்டும் அங்கங்க கப்பல் மாதிரி மிதந்துச்சு. சேந்தனுக்கு இன்னும் கனவுலயே நிக்கிற மாதிரி இருந்துச்சு.

"கரைய ஒடைங்க. ஒருத்தன் மிஞ்ச மாட்டான்"னான் ஆதன்.

"கீழ்த்தெரு சனங்க தூங்குறாங்கப்பா. மேல கூட்டிட்டு வந்துடறேன், பொறு."

"பொறுக்க இது என்ன உன் படகுத்துறையா? இங்க நான் மூத்தவன். ஒடைன்னா ஒடை!"

"யாரும் ஒடைக்காதீங்கடா!"ன்னு கத்தினான் சேந்தன். தன்னைவிட மூத்தவன் பேச்ச மீறறோம்னு தெரிஞ்சேதான் கத்தினான். வீரர்கள் அசையல. ஆதன் தானே கடப்பாரைய எடுத்து ஓங்கி ஒரு குத்து குத்தினான். அடுத்த குத்துக்குள்ள சேந்தன் அதப் பிடுங்கி ஏரிக்குள்ள வீசிட்டான். சத்தம் கேட்டு எதிரி கூடாரத்தச் சுருட்டிக்கிட்டு மேகத்துக்குள்ள கரைஞ்சு போயிட்டான். யாரும் சாகல, யாரும் ஜெயிக்கல.

அந்த நாட்டுச் சட்டம் ரொம்பச் சின்னது. களத்துல மூத்த தலைவன் பேச்ச மீறினவன் நாட்ட விட்டே போகணும். சேந்தனை விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. கெளம்புற அன்னிக்குத்தான் சங்கூதி வந்து சேர்ந்தான், சாவகாசமா. சித்திரை உத்தரவச் சொல்லி ஊதினான். சேந்தன் பொண்டாட்டி நங்கை வாசல்ல நின்னு கேட்டா: "பரவால்லையே, உயிரோட இருக்கும்போதே ஊதிட்டீங்களே!"

சபையில சேந்தன் கேட்டது ஒண்ணுதான்: "என் பதவி சித்திரையிலேர்ந்துன்னு தேதியத் திருத்துங்க தாயே."

சேனாதிபதி எந்திரிச்சார். "ஊதின நாள்தான் நாள். அன்னிக்கு ஆதன்தான் மூத்தவன். மீறின சேந்தன் போகட்டும்."

அமைச்சர் எந்திரிச்சார். "உத்தரவு போட்ட நாள்தான் நாள். தேதியத் திருத்துங்க. அப்ப சேந்தன்தான் மூத்தவன். அவன் வேணாம்னு சொன்னப்புறம் கடப்பாரையால குத்தினது ஆதன். ஆதன் போகட்டும்."

சேந்தன் இத எதிர்பாக்கல. திரும்பி ஆதனைப் பாத்தான். அவன் மொகம் மேகத்தவிட வெளுத்துப் போயிருந்துச்சு. சபையே மெல்ல மெல்லத் தரைய விட்டு மேல எழும்புற மாதிரி இருந்துச்சு சேந்தனுக்கு. நங்கை, படகு, ஏரி எல்லாம் தூரத்துல சின்னதாத் தெரிஞ்சுது.

"எனக்குத் தேதியே வேணாம் தாயே. திருத்தாதீங்க. நானே போயிடறேன்."

"உன் தர்மம் எனக்கு வேணாம்டா!"ன்னு சீறினான் ஆதன். ஆனா குரல் ஒடைஞ்சிருந்துச்சு.

ராணி பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. சேனாதிபதி, அமைச்சர், சேந்தன், இந்த மூணு பேர்ல யார் சொன்னது சரி?

விடை: மூணு பேருமே தப்பு. தேதியத் திருத்தியே ஆகணும், அது சேந்தனோடது, யாரும் போடுற பிச்சை இல்ல. ஆனா தேதி திருந்தினா ஒருத்தன் குத்தவாளி ஆகணும்னு எவன் சொன்னான்? தண்டிக்கணும்னா அவன் நெசமாவே இளையவனா இருக்கணும், அது தெரிஞ்சே மீறியும் இருக்கணும். சேந்தன் தெரிஞ்சு மீறினான், ஆனா சித்திரைத் தேதிப்படி அவன் இளையவன் இல்ல. ஆதன் இளையவன், ஆனா அது அவனுக்குத் தெரியாது. பாதிக் குத்தத்துக்கு எவனையும் ஊர விட்டுத் தொரத்த முடியாது. சரி, சேந்தன் விட்டுக்குடுத்தா என்ன தப்பு? அவன் விட்டுட்டுப் போனா, அடுத்த படகுக்காரனுக்கும் சங்கு இப்படித்தான் வரும், "சேந்தனே கேக்கல, உனக்கென்ன?"ன்னு வேற சொல்லுவாங்க. ராணி ரெண்டு பேரையும் விட்டாங்க, தேதியத் திருத்தினாங்க, அப்புறம் சேனாதிபதி பக்கம் திரும்பினாங்க: "நான் போட்ட உத்தரவு இத்தன நாளா உங்ககிட்டதானே தூங்கிச்சு? இனிமே வெளியூர்க்காரங்களுக்கு ஊதி முடிச்சிட்டு அரண்மனைக்கு வாங்க. இங்க இருக்குறவன் காத்திருக்கட்டும். அவனுக்குத்தான் சோறு வேளாவேளைக்கு வருதே."