எருமைக் கதைக்கு இருபது மார்க்

“இந்தப் புத்தகத்துல என்ன குறை, டீச்சர்? அதை மட்டும் சொல்லிருங்க.”

புலவர் ஆவுடையப்பன் கேட்டார். குரலில் பணிவு கொஞ்சம்தான் இருந்தது.

பரிபூரணம் டீச்சர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். மூடினார். திருப்பிக் கொடுத்தார்.

“குறை ஒண்ணும் இல்லையே ஐயா.”

“அப்போ சாவி?”

“பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. பிறகு பாப்போம்.”

புலவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். உண்மை பேசிய முயல் ஒன்று பரிசு வாங்கிய கதை. கணீரென்ற குரல். ஒரு சொல் பிசகவில்லை.

பாதியில் ஒருத்தன் தண்ணீர் குடிக்கப் போனான். ஒருத்தி ஒன்றுக்குப் போனாள். மற்றதுகள் காரணம்கூடச் சொல்லாமல் போய்விட்டன.

பிரம்மு மட்டும் கடைசிவரை இருந்தாள். நாலு வயசுப் பிள்ளை. அவள் பாவாடை நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டியிருந்தது.

*

புலவர் என்றால் சும்மா ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் இன்று கோர்ட்டில் வாதாடுகிறார்கள், ஆபரேஷன் செய்கிறார்கள், மேடையில் ஏறிப் பொளந்து கட்டுகிறார்கள். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் அவர் நடந்து வந்தால் நரைத்த தலைகள்கூட எழுந்து நிற்கும். அவர் வகுப்பில் ஈ பறந்தால் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பறக்கும் என்பார்கள். அதைக் கேட்டால் அவருக்கு உள்ளூரக் குளிரும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது வினை. காலையில் குளிப்பார். வெள்ளை வேட்டி கட்டுவார். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவைக் குத்துவார். அதற்கப்புறம் போக இடமில்லாமல் வாசலில் நிற்பார். அந்த நிற்பு அவரைக் கொன்றது.

அப்போதுதான் கேள்விப்பட்டார். ஆற்றுக்கு அக்கரையில், கல்லிடைக்குறிச்சியில், பரிபூரணம் டீச்சர் இன்னொரு வாசிப்பு அறை திறக்கப் போகிறாராம். வரும் விஜயதசமிக்கு.

டீச்சரின் அறை பேர்போனது. ஊர் ஊராகத் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்து பஸ் ஏறி வருவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பதற்கு முன்னால், மடியில் ஒரு படப்புத்தகத்தை வைப்பார்கள். பிள்ளை வாழ்க்கையில் முதலில் தொடும் புத்தகம் அது.

“அந்த முதல் புத்தகத்தை யாரு சரியாத் தேர்ந்தெடுக்காங்களோ, அவங்க கையில அக்கரை அறைச் சாவி” என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

புலவருக்கு அந்தச் சாவி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். தன் மாணவி வயசில் இருக்கிற ஒருத்தியிடம் மாணவனாக வந்து நிற்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

“நீங்க எப்படித் தேர்ந்தெடுக்கீங்க? அந்தச் சூத்திரத்தைச் சொல்லிட்டாப் போதும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு அடுக்குப் புத்தகத்தை எடுத்தார். புலவரின் கையில் வைத்தார்.

“இதுல ஒண்ணு” என்றார்.

“எது?”

டீச்சர் கிழிந்த அட்டை ஒன்றுக்குப் பசை தடவப் போய்விட்டார்.

புலவர் வீட்டில் மேஜையைத் துடைத்துப் போட்டார். அடுக்கை இடப்பக்கம் வைத்தார். பேனாவைத் திறந்தார். ஆமாம், விடைத்தாள் திருத்துகிற மாதிரியேதான்! நடை எப்படி, கருத்து எப்படி, கதைக்கட்டு எப்படி என்று பார்த்து, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் சிவப்பு மையில் மார்க் போட்டார். இரவல் வாங்கிய புத்தகம் என்ற நினைப்பே இல்லை. கை பழகிய பழக்கம் அப்படி.

கடைசியாக வந்தது ஒரு எருமைக் கதை.

எருமையின் கழுத்து மணியைக் காணோம். எருமை கொக்கிடம் கேட்டது. தெரியாது என்றது கொக்கு. ஆற்றிடம் கேட்டது. தெரியாது என்றது ஆறு. அலுத்துப்போய் எருமை தூங்கியது. விடிந்தது. மணி கழுத்தில் இருந்தது.

அவ்வளவுதான் கதை.

புலவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி எப்படி வந்தது? யார் கட்டியது? பத்தாங்கிளாஸ் பையன் இப்படி எழுதியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

‘காரணம் கூறப்படவில்லை’ என்று எழுதினார். இருபது மார்க் போட்டார். அதுவும் எருமைக்காகப் போட்டது.

*

மறுநாள் பாயில் இரண்டு அடுக்கு வைத்தார்.

“இது பாஸ் டீச்சர். இது பெயில்.”

டீச்சர் எருமைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து சிவப்பு மையைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்தன.

பிரம்மு நேராகப் பெயில் அடுக்குக்குப் போனாள். எருமையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“யம்மா, அது வேண்டாம். இதை எடு.”

“மாட்டேன்.”

“அதுல கதையே சரியில்ல. மணி எப்படித் திரும்பி வந்துச்சுன்னு போடவே இல்ல பாரு.”

பிரம்மு அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். அடக்கமுடியாமல் சிரித்தாள்.

“ஏ, இங்க வாங்க! தாத்தாவுக்குத் தெரியலயாம்! மணி எப்படி வந்துச்சுன்னு தெரியலயாம்!”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. இன்னும் பேச்சு வராத ஒன்றுகூட சேர்ந்து கைதட்டியது.

புலவரின் காது மடல் சிவந்தது. அவர் வகுப்பில் இதுவரை ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை.

“சத்தம் போடக் கூடாது! குடு புத்தகத்தை!”

பிடுங்கிவிட்டார்.

பிரம்மு அழவில்லை. அழுதிருந்தாலாவது பரவாயில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சாயங்காலம் அவள் அம்மா வந்து கூப்பிடும்வரை திரும்பவே இல்லை.

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றைக்கு ரொம்ப இறங்கியது.

“அவ ஏன் சிரிச்சான்னு தெரிஞ்சுட்டு வாங்க ஐயா. தெரியலைன்னா அக்கரைக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்.”

*

புலவர் அந்தப் புத்தகத்தை வீட்டில் திரும்பத் திரும்ப வாசித்தார். நடந்துகொண்டே வாசித்தார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். பிறகு நிமிர்ந்த நெஞ்சோடு வந்தார்.

“மனப்பாடம் டீச்சர். சோதிச்சுக்கிடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் ஒப்பித்தார். ஒரு எழுத்து விடவில்லை.

டீச்சர் புத்தகத்தை வாங்கினார். பசைக் கிண்ணத்தை இழுத்துவைத்தார். வெள்ளைத் தாளைப் பட்டை பட்டையாகக் கத்தரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அச்செழுத்து இருந்த இடத்தில் ஒட்டினார்; சிவப்பு மையை மட்டும் விட்டுவைத்தார். கடைசிவரை ஒட்டி, ஊதி உலர்த்தி, நீட்டினார்.

“இப்போ வாசிங்க.”

“என்னத்தை வாசிக்க? எழுத்தையே மூடிட்டீங்களே!”

“ஆமா” என்றார் டீச்சர்.

புலவர் விருட்டென்று எழுந்தார். கேட்டைத் தாண்டித் தெருமுனைவரை போனார். இந்தப் பிழைப்புக்கு வாசலிலேயே நின்றிருக்கலாம் என்று பொருமினார். வாசல் ஞாபகம் வந்ததும் கால் நின்றது.

திரும்பி வந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் விளக்கடியில் பிரித்து வைத்துப் பார்த்தார். எருமை இருந்தது. கொக்கு இருந்தது. ஆறு இருந்தது. தெரிந்ததுதானே! வெள்ளைப் பட்டையைச் சுரண்டிப் பார்க்கலாமா என்றுகூட நகம் போனது. எத்தனை பேருக்கு எத்தனை செய்யுளுக்கு உரை சொன்னவர்! எழுத்து இல்லாத பக்கத்தில் கண் எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. நிஜமாகவே அவமானமாக இருந்தது.

*

காலையில் பிரம்மு பாயின் ஓரத்தில் இருந்தாள். அவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புலவர் நாற்காலியைப் பார்த்தார். அதைத் தள்ளிவைத்தார். முட்டி இரண்டும் படபடவென்று சொடுக்க, பாயில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, புழுதிப் பாய். இருக்கட்டும்.

“பிரம்மு.”

அவள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அன்னைக்குப் பிடுங்குனது தப்பு. உன் புத்தகம் இந்தா.”

ஒரு கண் மட்டும் திரும்பியது.

“எனக்கு இதை வாசிக்கத் தெரியல, தாயி. நீ வாசிச்சுக் காட்டுதியா?”

“நெசமாவே தெரியாதா?”

“நெசமாவே.”

பிரம்மு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சத்தம் போடக் கூடாது.”

“போடல.”

“நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது.”

“போகல.”

பிரம்மு புத்தகத்தை மடியில் விரித்தாள். தொண்டையைச் செருமினாள். யாரிடம் படித்தாளோ!

“ஒரு ஊர்ல ஒரு தவளை இருந்துச்சாம்.”

எருமை என்று திருத்த வாய் திறந்தார் புலவர். மூடிக்கொண்டார்.

பிரம்முவின் விரல் பக்கத்தின் அடிக்குப் போனது. எருமையின் குளம்பு பதிந்த பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். தண்ணீரில் ஒரு தவளை. நகக்கண் அளவுதான். மேலே மழைமேகம்.

“மழை வருது. தவளைப் பாப்பாவுக்கு வீடு இல்ல. அதான் அம்மாத் தவளை மணியை எடுத்துட்டுப் போகுது. மணி வீடு.”

பக்கம் புரண்டது. எருமை கொக்கிடம் கேட்கிறது. பின்னால் கோரைப்புல்லுக்குள் மணியின் விளிம்பு. அதை இழுக்கும் பச்சைக் கால் ஒன்று.

“இங்கன பாருங்க. இங்கன. தாத்தா, பாக்கீங்களா?”

“பாக்கேன், பாக்கேன்.”

எருமை ஆற்றிடம் கேட்கிறது. கரையில் கவிழ்ந்து கிடக்கிறது மணி. வெளியே ஊற்றுகிறது மழை. மணிக்குள்ளே இருந்து எட்டிப் பார்க்கின்றன, குட்டிக் குட்டிக் கண்கள்.

புலவர் மூச்சுவிடாமல் குனிந்தார். அவர் நெற்றி பிரம்முவின் நெற்றியில் முட்டியது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“மழை நின்னுபோச்சு. எருமை தூங்குது. அம்மாத் தவளை வால்ல ஏறி, முதுகுல ஏறி, கழுத்துல மாட்டிருச்சு. எழுப்பல. தூங்குதுல்லா, பாவம்.”

கடைசிப் பக்கம். எருமை சிரிக்கிறது. கழுத்தில் மணி. மணியில் ஒரு சொட்டு ஈரம். எருமையின் முதுகு முழுக்கச் சேற்றுக் கால்தடம், சின்னச் சின்னதாக.

அதன் கீழே சிவப்பு மையில்: காரணம் கூறப்படவில்லை.

இதனால் நீ அறிந்துகொண்ட கருத்து என்ன என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பாயசத்தில் வந்த கிராம்பை விழுங்குகிற மாதிரி விழுங்கினார்.

“தாத்தா, இப்போ தெரிஞ்சுதா?”

புலவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மாணவன் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த அன்று பள்ளிக்கூடத்தில் வெடி போட்டார்கள். அன்றைக்குக்கூட நெஞ்சு இப்படி விம்மவில்லை.

“டீச்சர்!” என்று கத்தினார். சத்தம் போடக் கூடாது என்பதே மறந்துபோயிற்று. “டீச்சர், இங்க வாங்க! இவ வாசிக்கா! ஒரு எழுத்து இல்லாம வாசிக்கா! என்னமா வாசிக்கா பாருங்க!”

பிரம்மு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் பசைக் கையோடு வந்து நின்றார்.

“விஜயதசமிக்கு எந்தப் புத்தகம் ஐயா?”

“அதை என் டீச்சர்கிட்ட கேளுங்க” என்றார் புலவர்.

“தவளைப் புத்தகம்!” என்றாள் பிரம்மு.

“மார்க்?” என்றார் டீச்சர்.

புலவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிரம்முவின் கையில் கொடுத்தார். தன் வலது உள்ளங்கையை அவள் முன்னால் விரித்தார்.

“நீ போடு தாயி. எனக்கு.”

பிரம்முவுக்கு எண் எழுத வராது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மெனக்கெட்டு, அவர் கை நிறையச் சிவப்பாக ஒரு தவளை வரைந்தாள்.

டீச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மை காயாத அந்தக் கையின் விரல்நுனியில் வைத்தார்.

“விழுந்துரும் ஐயா. கையை மூடுங்க.”

“மூட மாட்டேன் டீச்சர்” என்றார் புலவர். “தவளை அழிஞ்சுரும்.”