குணமடைந்தோர் எண்ணிக்கை

ஆரணிச் சாலையில் ஒரு பழைய நெல் கிடங்கு. அதற்குள் கட்டில் போட்டுச் செங்கமலம் ஒரு இல்லம் நடத்தி வந்தாள். இனிமேல் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள், கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள், அங்கே வந்து சேர்வார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். யாரும் நடந்து திரும்பியதில்லை.

செங்கமலம் அரசு ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் ஆயா வேலை பார்த்தவள். எட்டாம் வகுப்புவரை படித்திருந்தாள். அவளைக் குரு என்று மனதுக்குள் வைத்திருந்த தணிகாசலமோ தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர்.

அவர் அங்கே வந்தது தம்பியின் உடலை வாங்கிப்போக. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வந்தபோது செங்கமலம் தம்பியின் கையைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்தவனுக்கு எதுக்கும்மா நகம்?" என்றார்.

"உயிரோட இருக்கும்போது வெட்டிவிடச் சொல்லிக் கேட்டார். எனக்குத்தான் நேரம் கிடைக்கல" என்றாள், தலை நிமிராமல்.

தம்பியை எரித்துவிட்டு மறுநாளே திரும்பி வந்தார். அதன்பின் ஆறு வருஷமாக அங்கிருந்து போகவில்லை.

அந்த ஆறாவது வருஷ மழையில் கிடங்கின் கூரை ஒழுகியது. படுத்திருப்பவர்கள் முகத்திலேயே சொட்டியது. ஊர்க்காரர்கள் கொடுக்கும் அரிசியில் சமையல் நடக்கும், கூரை நடக்காது. தணிகாசலம் சென்னையில் ஒரு பெரிய அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதினார். எழுதத் தெரிந்தவர், நன்றாகவே எழுதினார்.

பார்வையிட ஒரு பெண் வந்தாள். பெயர் மிருணாளினி. நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கட்டில் அருகிலும் நின்று பேசினாள். ஒரு கிழவிக்குத் தண்ணீர் புகட்டினாள். போகும்போது தணிகாசலத்தைத் தனியே அழைத்தாள்.

"சார், உங்க வேலை எனக்குப் புரியுது. எங்க குழுவுக்குப் புரியாது. படிவத்துல 'குணமடைந்து வீடு திரும்பியோர்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நீங்க ஒண்ணுமே போடலையே."

"ஒருத்தரும் குணமாகலையேம்மா."

"அதான் சார். பாதிப் பேராவது பிழைக்கக்கூடியவங்களா எடுங்களேன். காலு ஒடிஞ்சவங்க, ஆபரேஷன் ஆகி ஓய்வுக்கு இடமில்லாதவங்க. அவங்களும் ஏழைங்கதானே?"

அதில் தப்பு ஏதும் அவருக்குத் தெரியவில்லை. செங்கமலத்திடம் போய்ச் சொன்னார். அவள் ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் சரின்னு படுதா?"

"படுதும்மா."

"யாரை எடுக்கறது, யாரை விடறதுன்னு வாசல்ல நின்னு யார் சொல்றது?"

"நானே சொல்றேன்."

அவள் நிரம்பிய பாத்திரத்தை எடுத்து வெளியே கொட்டினாள்.

"சரி" என்றாள்.

நிதி வந்தது. புதுக் கூரை வந்தது. இருபத்திரண்டு இரும்புக் கட்டில்கள், மெத்தை, வெந்நீர் வசதி, எல்லாருக்கும் சாப்பாட்டுச் செலவு. வாசலில் அறக்கட்டளையின் பெயர் போட்ட பலகை. தணிகாசலம் கதவருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று. ஆறு வருஷத்தில் அவள் பக்கத்திலிருந்து கற்ற கண் அது. ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதை அந்தக் கண்ணால்தான் முன்பு கண்டுபிடிப்பார்.

அந்த வருஷம் முப்பத்தொரு பேர் நடந்து வீடு போனார்கள். ஒவ்வொருவரையும் பேருந்து ஏற்றிவிட்டு வரும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்திருக்கும். திருப்பி அனுப்பியவர்களை அவர் எண்ணவில்லை. அதற்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

மறு வருஷ நிதிக்காக மிருணாளினி வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், நல்ல மழையில், ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு மனிதர். ஐம்பது வயதிருக்கும். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆட்டோவின் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். செங்கமலம் ஆரணிக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள்.

தணிகாசலம் பார்த்தார். ரெண்டு நாள் தாங்காது. வியாழன்வரைகூட.

"ஜி.எச்.சுக்குக் கொண்டு போப்பா" என்றார் ஆட்டோக்காரரிடம்.

"அங்கருந்துதான் சார் அனுப்பிட்டாங்க. இங்க சேத்துக்குவாங்கன்னு அங்க ஒரு நர்ஸம்மாதான் சொன்னாங்க."

"இப்ப இடமில்லப்பா."

ஆட்டோக்காரர் திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணி விரித்த கட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது.

"அது நாளைக்கு ஒருத்தருக்கு. தொடை எலும்பு முறிவு."

ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். சாலைக்கு அந்தப் பக்கம் பூட்டிக்கிடந்த பஞ்சர் கடையின் கூரைக்குக் கீழே அந்த மனிதரை இறக்கிவைத்தார். தன் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போக நினைத்தார். மூன்று முறை நினைத்தார்.

மூன்றரை மணிப் பேருந்தில் செங்கமலம் வந்து இறங்கினாள். இறங்கிய இடம் பஞ்சர் கடை வாசல். பார்த்தாள். மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

தணிகாசலம் மழையில் ஓடினார்.

"உள்ள தூக்கிட்டுப் போயிடலாம்மா. கட்டில் இருக்கு."

"தெரியும்."

"நான் தூக்கறேன்."

"மூச்சைப் பாருங்க. இப்பத் தூக்கினா நடு ரோட்டுலயே நின்னுடும். உட்காருங்க. தலையைப் பிடிங்க."

அவர் உட்கார்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டார். செங்கமலம் நனைந்த முந்தானையைப் பிழிந்து அந்த மனிதரின் உதட்டை ஈரமாக்கினாள்.

"உங்க பேரு என்னங்க?" என்று குனிந்து கேட்டாள்.

"காத்தவராயன்" என்றார் அவர். ரொம்ப நேரம் கழித்து மஞ்சள் கண்ணைத் திறந்து தணிகாசலத்தைப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"எடம் கெடச்சிருச்சா சார்?"

செங்கமலம் தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிக் கொடுக்கவில்லை.

"கெடச்சிருச்சுங்க" என்றார்.

காத்தவராயன் தலையை லேசாக ஆட்டினார். நாலேகாலுக்கு மூச்சு நின்றது.

வியாழக்கிழமை மிருணாளினி வந்தாள். முப்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "குழுவுக்கு ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

தணிகாசலம் அந்தத் தாளோடு செங்கமலத்திடம் போனார். அவள் ஒரு நோயாளியின் முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது வேண்டாம்னு எழுதிடலாமா?"

"ஏன்?"

"கை கூசுது."

"உள்ள எத்தனை பேர் சாப்பிடறாங்க?"

"இருபத்திரண்டு பேர்."

"உங்க கை கூசறதுக்கு அவங்க ஏன் பட்டினி கிடக்கணும்?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடுங்க. அந்த நாற்காலியை எடுத்து உள்ள போடுங்க. வர்றவங்க வரட்டும், கட்டில் இல்லைன்னா பாய். செத்தவங்களைச் செத்தாங்கன்னு எழுதி அந்தப் பொண்ணுக்கு அனுப்புங்க. அவங்க நிறுத்தினா அன்னைக்குப் பாத்துக்கலாம்."

அங்கேயே ஜன்னல் கட்டையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"அந்த மனுஷன் என்கிட்ட கேட்டாரே அம்மா. நான் சொன்னேனே. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் குரல்தான் கேக்குது. இதை நான் என்ன செய்யறது? உங்ககிட்ட சொல்லிட்டா இறங்கிடும்னு வந்தேன்."

செங்கமலம் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டாள்.

"வாசல்ல நானே சொல்றேன்னு நீங்க சொன்னப்ப, சரின்னு சொன்னவ நான். அது என்கிட்ட இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களோடது உங்ககிட்ட இருக்கட்டும். அதை யாரும் வாங்கிக்க மாட்டாங்க" என்றாள். "அந்தப் பக்கம் பிடிங்க, இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும்."