பாதிப் பழசு, பாதிப் புதுசு, கதவு மட்டும் ஒண்ணு

வாகைப்புதூருக்கு வழி எது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ஊரே கூட வந்து வழி காட்டும். அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து தொலைந்து போக வேண்டியதுதான்.

அந்த ஊரில் சண்முகக்கனி என்று ஒருத்தி. அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அவளுடைய மூன்று அண்ணன்மாரும், "எங்க மூணு பேருக்கும் சேர்த்து அவ படிச்சுட்டா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கனிக்குக் கூச்சம். ஆனால் இந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தால் அது தன்னிடம்தான் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எவ்வளவு சரி என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

கனியின் மகள் பூரணிக்குப் போன ஆடி அமாவாசையில் காது குத்துவதாக இருந்தது. புருஷன் வீட்டுக் குலதெய்வம் மலைக்காட்டு ஆத்தங்கரையில் இருக்கிற சாஸ்தா. சனங்கள் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இவர்கள் கட்டிய தார்ப்பாயில் மழை அப்படியே இறங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, காதுகுத்து நின்றுபோனது.

மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த வருசமும் பிள்ளை நனைஞ்சுதோ, உன் அண்ணன்மாருக்கு மடி கிடையாது. நானே எங்கூர்ல வச்சுக் காது குத்திக்கிடுதேன்."

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடியே கிடையாது என்றால் அண்ணன்மார் மூன்று பேரும் எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பது? கனி அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன்மாரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

அப்போதுதான் கேம்ப் வண்டி கிடைத்தது. அந்தக் காலத்தில் அணை கட்ட வந்த இன்ஜினியர் தங்கியிருந்த வண்டி. தகர உடம்பு, ரெண்டு சக்கரம், உள்ளே ஒரு பெஞ்சு, பின்னால் கதவு, பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல். டிராக்டரில் மாட்டினால் வீடு பின்னாலேயே வரும். அணைக்கட்டுப் பக்கம் சும்மா துருப்பிடித்துக் கிடந்ததை, "இழுத்துட்டுப் போங்கப்பா" என்று வாட்ச்மேன் கொடுத்துவிட்டார்.

மூன்று பேரும் கையாலேயே இழுத்து வந்தார்கள். பாலத்து இறக்கத்தில் வண்டி தானாக உருண்டுவிட்டது. அதை மறுபடி மேட்டுக்கு ஏற்றி, முன்னால் போய் நின்று, முறைப்படி இழுத்தார்கள். இழுத்துத்தானே போகச் சொன்னார்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் வழக்கு ஆரம்பித்தது.

மூத்தவர் சுடலைக்கண்ணு சொன்னார்: "ஏல, பெரிய இன்ஜினியர் படுத்த வண்டி இது. எப்படி இருந்துச்சோ அப்படியே பழையபடி ஆக்கணும்."

நடு அண்ணன் மாசானம் சொன்னார்: "இந்தக் காலத்துல போயிப் பழசா? புதுத் தகரம் போடணும், கண்ணாடி ஜன்னல் வைக்கணும், சுவிட்சு வைக்கணும்."

"கரண்டு எங்கல இருக்கு?"

"சுவிட்சே இல்லாம கரண்டு எப்படிண்ணே வரும்?"

சின்ன அண்ணன் இசக்கிப்பாண்டி எப்போதும் கடைசியாகப் பேசினவர் கட்சி. "அதுவும் சரிதான்" என்றார். சுடலைக்கண்ணு முறைத்தார். "இதுவும் சரிதான்" என்றார்.

வெல்டிங் பட்டறை அந்தோணி அண்ணாச்சியிடம் போய் யோசனை கேட்டார்கள். அவர் கையில் நிறைய வேலை. தலையைத் தூக்காமலே, "பழையபடி ஆக்கணும்னா ஆதியில என்ன கலர்னு பாக்கணும். அது தெரியிற வரைக்கும் சுரண்டுங்க. நடுவுல விட்டுராதீங்க" என்றார்.

சுடலைக்கண்ணு உள்ளே போய்ச் சுரண்டினார். சாம்பல் கலர் போனது. நீலம் வந்தது. நீலம் போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போய்ச் செங்காவி வந்து, அது துருவாக உதிர்ந்தது. விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே, இன்னும் சுரண்டினார். கடைசியில் பளிச்சென்று பச்சை தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! ஆதி கலர் பச்சை!"

எல்லாரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். நல்ல பச்சை. நடுவில் வெள்ளையாக ஒரு ஆடு.

"அந்தக் காலத்துல பெயிண்டுலயே ஆடு வரைஞ்சிருக்கான் பாரு" என்றார் மாசானம். பழசைப் பிடிக்காத அவருக்கே ஆச்சரியம்.

"அசையுதேண்ணே" என்றாள் கனி, மெதுவாக.

"அதாம் தாயி அந்தக் காலத்து வேலைப்பாடு."

கொஞ்ச நேரத்தில் ஆடு மேய்ந்துகொண்டே நகர்ந்துவிட்டது. "காத்துப் பட்டதும் பெயிண்டு போயிருச்சு" என்று சுடலைக்கண்ணு வருத்தப்பட்டார். கனி வெளியே வந்து பார்த்தாள். குளத்தங்கரைப் புல்லில் அதே மாதிரி ஒரு ஆடு நின்றது. இப்படியும் ஒற்றுமை இருக்குமா என்று நினைத்துக்கொண்டாள்.

அமாவாசை நெருங்க நெருங்க சண்டை முற்றியது. அண்ணன்மார் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில், "படிச்சவ நீ. நீயே தீர்ப்புச் சொல்லு" என்று கனி முன்னால் வந்து நின்றார்கள்.

கனி முந்தானையைத் திருகினாள். தரையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "பாதி பழசா இருக்கட்டும், பாதி புதுசா இருக்கட்டும். ரெண்டும் கலந்துராம நடுவுல ஒரு பலகை அடிச்சிருங்க."

அண்ணன்மாருக்குக் கண் கலங்கிவிட்டது. கனிக்கே தன் புத்தியை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

ஓட்டை விழுந்த பின்பாதி பழசு. முன்பாதிக்குப் புதுத் தகரம், புதுச் சுவிட்சு, கண்ணாடி ஜன்னல். நடுவே மேலிருந்து கீழ்வரை கெட்டியான பலகை. ஆணி அடித்தது சுடலைக்கண்ணு. அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் அவர் புதுசுக்குள் நிற்கிறார். கதவு பழசில் இருக்கிறது.

"ஏல, நான் எப்படில வெளிய வாரது?"

"அமாவாசைக்குப் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு அங்கனதான உக்காரப் போற? போயிட்டு எதுக்கு வரணும்?" என்றார் மாசானம்.

"அதுவும் சரிதான்" என்றார் இசக்கிப்பாண்டி. ஜன்னல் வழியாகச் சோறு போனது.

ஒழுகுகிறதா என்று பார்க்கக் கூரை மேல் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். "நனையுதாண்ணே?" என்று கேட்டதற்கு, "இல்லல!" என்று பதில் வந்தது. பழைய பாதியில் ஆளே இல்லாததால் அங்கேயும் யாரும் நனையவில்லை. வண்டி பாஸ்.

அமாவாசை அன்றைக்கு வாடகை டிராக்டரில் மாட்டி ஆத்தங்கரை போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் பிடித்தது மழை. பூரணியை ஜன்னல் வழியாகப் பெரிய மாமன் மடிக்குக் கொடுத்தார்கள். பிள்ளை மேல் துளி விழவில்லை. கனி மழையில் நின்று சந்தோசமாக நனைந்தாள்.

காது குத்த வேலாயுத ஆசாரி குடையோடு வந்தார். நல்ல பருமன். "பிள்ளை கிழக்க பாத்து இருக்கணும். மாமன் ஒரு இம்மிகூட அசையக் கூடாது" என்றார். சுடலைக்கண்ணு கல் மாதிரி உட்கார்ந்தார். ஜன்னல் தெற்குப் பக்கம். வலது காது ஜன்னலோரம் இருந்தது. ஆசாரி கையை உள்ளே விட்டு ஒரே குத்து. பிள்ளை வீரிட்டு அழுது, வெல்லத்தைக் கண்டதும் அடங்கியது.

இடது காது அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.

"வண்டியத் திருப்பிருவோம்" என்றார் மாசானம். டிராக்டரை மாட்டி, சேற்றில் வண்டியைத் திருப்பினார்கள். ஆசாரி சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அங்கே வலது காதுதான் இருந்தது. பிள்ளையும் மேற்கே பார்த்திருந்தது.

"யோவ், திரும்பி உக்காருமய்யா!"

"அசையக் கூடாதுன்னு நீருதான சொன்னீரு?" உள்ளேயிருந்து உதடு மட்டும் அசைந்தது.

மறுபடி திருப்பினார்கள். மறுபடியும் வலது காது. "இந்தப் பிள்ளைக்கு ரெண்டும் வலது காதுதான் போல" என்றார் இசக்கிப்பாண்டி. தூரத்தில் மாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. ஒற்றைக் காதோடு பார்த்தால் என்ன சொல்வாள்?

கனி கூச்சத்தை விட்டுவிட்டுக் கத்தினாள்: "ஆசாரிய உள்ள ஏத்துங்க! பிள்ளைய வெளிய எடுங்க!"

அதுதான் படித்த புத்தி. இரண்டு பேர் வெளியிலிருந்து தள்ள, ஒருவர் உள்ளேயிருந்து இழுக்க, ஆசாரி ஜன்னலுக்குள் போய்விட்டார். பிள்ளை வெளியே வந்தது. கொட்டுகிற மழையில் மாசானம் கிழக்கே பார்த்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தார். இடது காது கச்சிதமாக ஜன்னலுக்குள் போனது. உள்ளேயிருந்து ஒரே குத்து.

மாமியார் வந்து சேர்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பூரணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை நனைஞ்சுச்சா?"

கனி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "குத்தும்போது ரெண்டு காதும் உள்ளதான் இருந்துச்சு அத்தை."

மாமியார் குனிந்து இரண்டு காதையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மாமன்மாருக்கு மடி கிடைத்தது. அதுவும் இரண்டு மடி.

மிச்சம் இருந்தது ஆசாரிதான். உள்ளே போனவர் வெளியே வரவில்லை. ஜன்னலில் தலையும் தோளும் வந்ததோடு சிக்கிக்கொண்டார்.

"போன பழைய வழியிலயே எடுக்கணும்" என்றார் சுடலைக்கண்ணு, உள்ளேயிருந்து.

"அந்தப் பக்கம் புதுசா ஒரு வழி வெட்டி எடுக்கணும்" என்றார் மாசானம்.

எல்லாரும் கனியைப் பார்த்தார்கள். இப்போது அவளுக்குக் கூச்சம் சுத்தமாக விட்டுப்போயிருந்தது.

"ஆளுக்குப் பாதி" என்றாள்.

சாயங்காலம் வண்டி ஊர் திரும்பியது. ஆசாரியின் தலை ஜன்னல் வழியாகவும், கால்கள் எதிர்ப்பக்கத்துப் புது ஓட்டை வழியாகவும் வெளியே இருந்தன. மழை இன்னும் விடவில்லை.

"ஏய்யா, அந்தப் பக்கம் போயி என் காலு நனையுதான்னு யாராவது பாருங்கய்யா" என்று ஆசாரி கெஞ்சினார்.

இசக்கிப்பாண்டி சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"காலு நனையத்தான் செய்யுது ஆசாரியாரே. ஆனா அது உம்ம காலுதானான்னு தெரியல. முகத்தைக் காணோம்."