துடைத்த தடம்

பாலைநிலத்தின் நடுவே, செம்பாறைகளுக்கு இடையில் ஒரு நீண்ட பிளவு உண்டு. ஒரு காலத்தில் ஆறு ஓடிய இடம். இப்போது மணல்தான் கிடக்கிறது. அதற்குள் பூரணி அம்மையும் சேந்தனாரும் நடந்துகொண்டிருந்தார்கள். அம்மை குரு. சேந்தனார் சீடர், வயதில் அவரைவிட மூத்தவர். ஆயுள் முழுக்க அரண்மனைக் களஞ்சியத்தைக் காவல் காத்தவர். வேலையை விட்டுவிட்டார், கம்பை விடவில்லை.

பின்னால் ஒருவன் வந்துகொண்டிருந்தான். இவர்கள் நின்றால் அவனும் நின்றான்.

"அம்மா, அவன் நம்ம தண்ணிக்குத்தான் வர்றான்."

"கேட்டீங்களா?"

"கேட்டா திருடன் சொல்வானா?"

பொழுது சாயும்போது ஒரு பாறையின் அடியில் தங்கினார்கள். மணலைச் சமன் செய்து அப்படியே படுக்க வேண்டியதுதான். அம்மை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, வந்த வழியில் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வந்தார்.

விடிந்தபோது கிண்ணம் காலியாக, ஒரு கல்லின் மேல் பத்திரமாக இருந்தது. இவ்வளவு மரியாதையான திருடனைச் சேந்தனார் பார்த்ததில்லை. அதனால் சந்தேகம் கூடியது. அம்மையின் மேலும் ஒரு கண் விழுந்தது. இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களோ?

அதற்கு மேல் பிளவு பல கிளைகளாகப் பிரிந்தது. சேந்தனார் ஒரு முள்கிளையை ஒடித்து, தங்கள் கால்தடங்களைத் துடைத்தபடியே வந்தார்.

அம்மை திரும்பிப் பார்த்தார். "கை வலிக்கலையா?"

"பழகின கைம்மா."

பிளவின் கோடியில், அவர்கள் தண்ணீருக்கு நம்பி வந்த சுனை வற்றிக் கிடந்தது. தோற்பையில் ஆளுக்கு ஒரு மிடறுதான் மிச்சம். உடனே திரும்பினார்கள். முதல் பிரிவிலேயே சேந்தனாரின் கால் நின்றுவிட்டது. எந்தக் கிளை வழியாக வந்தோம்? மணலில் ஒரு சுவடு இல்லை. அவர் செய்த வேலையில் என்றுமே குறை இருந்ததில்லை.

வெயில் ஏறியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. சேந்தனாருக்குச் சாவு பயம் வந்துவிட்டது. அப்போது பாறைகளுக்கு மேலே புகை தெரிந்தது.

"பொறி வைக்கிறான்," என்றார்.

அம்மை புகையைப் பார்த்து நடந்தார். சேந்தனாரும் வேறு வழியில்லாமல் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஆள் பச்சைத் தழையைத் தீயில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் தோண்டிய குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது.

"உங்க தடம் பாதியில நின்னுபோச்சு சாமி. என்ன ஆச்சோன்னு பதறிப் புகை போட்டேன்."

"எங்க பின்னாலயே எதுக்கு வந்தே?"

"தனியா நடக்கப் பயம். கிட்ட வந்தா நீங்க கம்பைத் தூக்குறீங்க. அதான் தள்ளியே வந்தேன்."

சுரைக்குடுவையில் தண்ணீர் மொண்டு நீட்டினான். சேந்தனார் அதை மோந்து பார்த்தார். அம்மை வாங்கிக் குடித்த பிறகுதான் அவர் குடித்தார்.

தொண்டை நனைந்ததும் கேட்டார்: "தடத்தைத் துடைச்சப்ப பார்த்தீங்களே அம்மா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, என்னையும் அவனோட சேர்த்திருப்பீங்க ஐயா," என்றார் அம்மை.